நூறு இளி

அந்தச் சங்குக்கு ஊதத் தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, தரமணியில் ஏளனமானி நிறுவனத்தின் வாசற்கதவு, ஆம்புலன்ஸுக்கும் மாவு மில்லுக்கும் பிறந்த குழந்தை மாதிரி அலற ஆரம்பித்தது. மூன்றாம் மாடியில் இருந்தவர்களில் பாதிப் பேர் தீ என்று நினைத்துப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். மீதிப் பேர் தீ என்று நினைத்து, கேன்டீனில் அப்போதுதான் வந்திருந்த வெங்காய போண்டாவைக் காப்பாற்ற ஓடினார்கள். தீப்பிடித்தால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் கீழே இருந்த காவலாளி. திறந்துவிட்டார்.

உள்ளே வந்தது தீ அல்ல. நாற்பத்தேழு வயதுப் பெண். நீலக் கட்டம் போட்ட பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை.

"மொதல்ல அந்தச் சங்க நிறுத்துபா. எங்க போனாலும் இதே ரோதனையா கீது."

காவலாளி தன் மூக்குக்கண்ணாடி வழியே அவள் தலைக்கு மேலே பார்த்தார். எல்லார் தலைக்கு மேலேயும் மிதப்பது போல அங்கேயும் ஓர் எண் மிதந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

நூறு.

"அம்மா... நீங்க அவங்களா?"

"அவங்கதான். உள்ள சிரிக்கிறவனுங்க கீறானுங்களாமே. ஒருத்தன வரச் சொல்லு."

அனுப்பப்பட்டவன் தர்ஷன். வயது முப்பத்து நான்கு. தொழில், சிரிப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரசாங்க உரிமம் பெற்ற சிரிப்பாளர்கள் அந்தக் கட்டடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒரு மேஜைக்கு ஏழு பேர். ஊரில் யாரோ யாரையோ தெருவில் பிடித்த படம் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒரு படத்துக்கு நான்கு வினாடி. மேஜையில் இருக்கும் ஒரு சிறிய கண், அவர்களின் கன்னத் தசை எவ்வளவு இழுபடுகிறது, வயிறு எத்தனை முறை குலுங்குகிறது என்று அளக்கும். ஏழு பேர் சிரிப்பின் சராசரிதான் படத்தில் இருப்பவரின் மதிப்பெண். அதற்கு அலகு, இளி.

ஆரம்பத்தில் நோக்கம் என்னவோ நல்லதாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் சிவப்பு முடியோடு ஒரு பையன் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், அவனைப் படமெடுத்துப் போட்டு, பத்தாயிரம் பேர் கீழே நின்று கல்லெறிவார்கள். பிறகு அவர்களுக்குள் சண்டை வரும். சாதி வரும், ஊர் வரும், அம்மா வருவாள். ஏளனமானி நிறுவனம் சொன்னது: இந்தக் கூச்சலெல்லாம் எதற்கு? விஞ்ஞான முறைப்படி நாங்கள் சிரித்துத் தருகிறோம். நீங்கள் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்கள் பார்த்தார்கள். மே மாத வெயிலில் கருப்புத் தோல் ஜாக்கெட் போடுகிறவர்கள், எழுபத்தொன்று. கொரியாக்காரர் மாதிரி முடி வெட்டிய பொறியியல் மாணவர்கள், நாற்பத்தொன்பது. ஜோல்னாப் பையும் தாடியுமாகப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், ஐம்பத்தெட்டு. கோட்டு சூட்டுக்குக் கீழே செருப்புப் போட்ட மாப்பிள்ளைகள், அறுபத்தாறு. எண்ணோடு சேர்த்து, அந்த ஏழு பேரில் யாராவது எழுதிய ஒரு கிண்டல் வரியும் கண்ணாடியில் ஓடும்.

அப்புறம் கதவுகள் அந்த எண்ணை விலைக்கு வாங்கின. வணிக வளாகம் ஐம்பதுக்கு மேல் உள்ளே விடாது. நேர்முகத் தேர்வு முப்பத்தைந்து. கல்யாண மண்டபம் அறுபது. ரேஷன் கடை மட்டும் வாங்கவில்லை. அங்கே ஆளே நேராகப் பார்த்துச் சிரித்துவிடுவார், மெஷின் தேவையில்லை.

"வணக்கம்க்கா. நான் தர்ஷன்," என்று அவன் வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அவளை நேரில் பார்ப்பது முதல் முறை. படத்தில் இன்னும் உயரமாக இருந்தாள்.

"நிரோஷா. காசிமேட்டுல ஐஸ் ஒடைக்கிற மெஷின் ஓட்றேன். வெள்ளிக்கெழம எனுக்குக் கல்யாணம். இந்தா."

பத்திரிகையை வாங்கிக்கொண்டான். மணமகன் லோகநாதன் என்கிற லோகு. ராயபுரத்தில் ஒரு மண்டபம்.

"வாழ்த்துகள்க்கா."

"வாழ்த்து கெடக்கட்டும். மண்டபத்துக்காரன் நேத்து என்னை வரச் சொல்லி ஒத்திகை பாத்தான். மாப்ள உள்ள போனாரு, கேட் தொறந்துச்சு. மாப்ள வூட்டுக்காரங்க போனாங்க, தொறந்துச்சு. மேளக்காரர் போனாரு. நான் போனேன், இதே சங்கு. கல்யாணப் பொண்ணு நான். நான் வெளிய!"

"வேற மண்டபம்..."

"எல்லாத்துலயும் உங்க கேட்டுதான். 'நீங்க வூட்லருந்து வீடியோவுல வாங்க மேடம், தாலிய ஸ்க்ரீனுக்கு முன்னாடி கட்டச் சொல்றேன்'ன்னான் மேனேஜர். லோகு, ரோட்டுலயே கட்டிக்கலாம்ன்றாரு. நான் இன்னாத்துக்குப்பா ரோட்டுல கட்டணும்? நாப்பத்தேழு வயசுல மொத மொதலா கட்டிக்கிறேன். உள்ள, மேடையில, விசிறிக்குக் கீழ ஒக்காந்து கட்டிக்கணும்."

தர்ஷன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு நல்ல பயிற்சி உண்டு.

"நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். கலர் கம்மி பண்ணேன். பூவ எடுத்தேன். இன்னிக்குப் பாரு, டீச்சர் மாதிரி வந்துக்கீறேன். அப்பவும் நூறு. இன்னும் எதக் கழட்டணும் நான்?"

"அது அப்படி இல்லைக்கா. வெப்பமானி தெரியுமா? காய்ச்சல் பாக்கிறது இல்லை, பள்ளிக்கூடத்துல இருக்குமே அது. ஐஸ் உருகுற எடம் சைபர்..."

"ஐஸ் எனுக்குத் தெரியும். நீ நூறச் சொல்லு."

"தண்ணி கொதிக்கிற எடம் நூறு. ரெண்டையும் குறிச்சிட்டா நடுவுல எல்லாத்தையும் அளக்கலாம். ஏளனமானிக்கும் அதே மாதிரி மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வேணும். மேல நீங்க."

"நான் கொதிக்கிற தண்ணி."

"ஆமாக்கா. மத்தவங்க எல்லாரையும் உங்களோட ஒப்பிட்டுத்தான் அளக்குது. அதனால நீங்க எதைப் போட்டாலும் நூறுதான். உங்க முகமே நூறு."

"கீழ யாரு?"

"ஜவுளிக்கடை பொம்மை. உயிரோட இருக்கிற ஆள் யாரும் சைபருக்கு வரலை."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தர்ஷனின் மேஜைத் தோழி யாழினி, கையில் பாதி போண்டாவோடு ஓடி வந்தாள்.

"டேய், இவங்கள எங்கயாவது உள்ள கூட்டிட்டுப் போ. வட சென்னையில நீலக் கட்டம் போட்ட சேலை எல்லாம் ஏறிட்டிருக்கு. காலையில பதினாலு, இப்ப ஐம்பத்தி மூணு. திருவொற்றியூர்ல ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருங்க மொத்தமா கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்களாம்."

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றாள் நிரோஷா.

"நீங்க அந்தச் சேலையக் கட்டியிருக்கீங்க மேடம். நூறு எதைக் கட்டுதோ அது சிரிப்புக்குரியதுன்னு சிஸ்டம் கத்துக்குது."

நிரோஷாவின் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. அது நல்ல வெளிச்சம் என்று சொல்ல முடியாது. சரியாக அந்த நேரத்தில் லிஃப்டிலிருந்து மேலாளர் பத்ரி வெளியே வந்தார். நீலச் சட்டை, கருப்புப் பேன்ட், கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் இன்னோர் அடையாள அட்டை. இருபத்திரண்டு இளி. அதைத் தன் தொழில் வாழ்க்கையின் சாதனையாக அவர் கருதினார்.

"இந்தச் சட்டைய நான் போட்டுகினு ஒரு நாள் சுத்துனா?" என்றாள் நிரோஷா.

பத்ரி கையிலிருந்த கோப்பால் அனிச்சையாக மார்பை மறைத்துக்கொண்டார்.

"பயப்படாத சார். எனுக்கு எவனையும் ஏத்தி விட வேணாம். என்னை எறக்கி விடு, போதும்."

மூன்றாம் மாடியில் கண்ணாடி அறைக்குள் நால்வரும் உட்கார்ந்தார்கள். பத்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்தது ஒரு வருந்தத்தக்க பிழை என்றார். அவர் பேசும்போது அந்தப் பிழைக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"சட்டப்படி நூறுங்கிறது உயிரோட இருக்கிற ஆளா இருக்கக் கூடாது மேடம். யாரையும் புண்படுத்தக் கூடாதில்ல? அதனால கம்ப்யூட்டரே உண்டாக்கின, உலகத்துல இல்லாத ஆளுங்க படத்தையும் நடு நடுவுல கலந்து விடுவோம். சோதனைப் படம்னு பேரு. அதுலேர்ந்து ஒண்ணைத்தான் நூறா எடுக்கணும்."

"என் படம் அதுல எப்பிடிப் போச்சு?"

"சிரிப்பாளருங்க முன்னாடி ரெண்டு பொத்தான் இருக்கும். ஆள் உண்டு, ஆள் இல்லை. உங்க படத்தைப் பாத்தப்ப ஏழு பேரும் ஆள் இல்லைன்னு போட்டுட்டாங்க."

"ஏழு பேருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?"

"முதல்ல ஒருத்தர் அழுத்தினா மத்தவங்க திரையில அது தெரியும்," என்றாள் யாழினி. "நாலு வினாடிதான் மேடம். முதல் ஆள் சொன்னதையே எல்லாரும் அழுத்திட்டுப் போயிடுவோம்."

"ரெண்டு பொத்தானுக்கும் இன்னா வித்தியாசம்?"

"ஆள் உண்டுன்னு போட்டா, நாங்க எழுதுற வரி நாகரிகக் குழுவுக்குப் போகும். அவங்க பல்லு மொத்தத்தையும் புடுங்கிட்டுத்தான் வெளிய விடுவாங்க. போன வாரம் நான் ஒரு ஜிகினாச் சட்டைக்காரருக்கு எழுதின வரி, 'இவர் சட்டை சற்று ஒளிர்கிறது'ன்னு திரும்பி வந்துச்சு. ஆள் இல்லைன்னு போட்டா குழுவே கிடையாது. என்ன வேணா எழுதலாம்."

பத்ரி படத்தைச் சுவரில் போட்டார்.

எண்ணூர் சாலையில் ஒரு சிக்னல். மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ். மேலே கருப்புத் தோல் ஜாக்கெட். ஜாக்கெட்டுக்கு மேல் ஒட்டியாணம். கண்ணில் கருப்புக் கண்ணாடி. தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு முழம் கனகாம்பரம். கீழே சிவப்பு புல்லட். கேமராக்காரன் யாரென்று தெரியாது, பக்கத்தில் ஏதோ காரிலிருந்து எடுத்திருக்கிறான். படத்தின் கீழே, ஊருக்கே மனப்பாடமான அந்த வரி:

'வீடு தீப்பிடித்தால் எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த அம்மா கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்.'

யாழினியின் உதட்டோரம் துடித்தது. போண்டாவைக் கடித்துச் சமாளித்தாள். அந்த வரிக்கு நிறுவனம் அந்த ஆண்டின் சிறந்த வரி விருது கொடுத்திருந்தது. கேன்டீன் கோப்பைகளில்கூட அச்சடித்திருந்தார்கள். பத்ரி கையில் இருந்த காபிக் கோப்பையைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் வைத்தார்.

"இந்த வரிய எழுதுனது யாரு?"

யாழினி தர்ஷனைப் பார்க்காமல் இருக்க எடுத்துக்கொண்ட முயற்சியிலேயே நிரோஷாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நீயா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் எழுதிக்கீற," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. ஐஸ் கட்டியின் எடையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "மொத தபா கேட்டப்ப எனுக்கே சிரிப்பு வந்துச்சு. ரெண்டாயிரம் தபா கேட்டப்புறம்தான் நின்னுது. நாங்க மொத்தம் பதினோரு பேருபா. ஹார்பர்ல வேல செய்ற பொம்பளைங்க. ஞாயித்துக்கெழமையானா பட்டுச்சேல, பூட்ஸு, ஜாக்கெட், வண்டி எடுத்துகினு எண்ணூர் வரைக்கும் ஒரு ரவுண்டு. பூட்ஸு ராணிங்கன்னு நாங்களே பேரு வெச்சுகினோம். இந்த வரி வந்ததுலேர்ந்து ஒருத்தி புருஷன் வண்டிய வித்துட்டான். ஒருத்திக்குப் பையன் ஸ்கூல்ல அழுதான். ஒவ்வொருத்தியா நின்னுட்டாங்க. இப்ப நான் மட்டும்தான் போறேன். தனியாப் போனா அது ஊர்வலமாவா இருக்கும்? பைத்தியம் மாதிரி இருக்கும்."

ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தர்ஷனுக்குத் தோன்றியது. சோகமான, நல்ல, கண்ணீர் வருகிற காரணம். மன்னிப்புக் கேட்க வசதியாக இருக்கும்.

"அக்கா, அந்த உடை... ஏதாவது வேண்டுதலா? இல்ல, யாராவது இறந்து போனவங்க ஞாபகமா? அந்த ஜாக்கெட் உங்கப்பாவோடதா?"

"எங்கப்பா சட்டையே போட மாட்டாரு."

"அப்ப எதுக்காக..."

"புடிச்சுது. போட்டேன்." அவள் அவனை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தாள். "நீ போட்டுக்கீறியே கோடு போட்ட சட்டை, அதுக்கு இன்னா காரணம்? யார்னா செத்துட்டாங்களா?"

இந்த முறை யாழினி சிரித்தே விட்டாள்.

பத்ரி கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், சிம்பிள் ப்ராசஸ். ஏழு பேரும் பிழை மனு கொடுத்துடுவாங்க. 'ஆள் இல்லை என்று உண்மையாகவே நம்பி அழுத்திவிட்டோம்.' சிரிப்பு உரிமம் குடுக்கிற ஆணையத்தோட தணிக்கைப் பொறி படிச்சுப் பாத்து ஒரு மணி நேரத்துல உங்கள நூறுலேர்ந்து எடுத்துடும். பிழைன்னா யாருக்கும் தண்டனை கிடையாது. எங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் கல்யாணம்."

"அப்புறம் யாரு நூறு?"

பத்ரியின் முகம் சுருங்கியது. அந்தக் கேள்வி அவருக்கும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. "புது நூறு கிடைக்கிற வரைக்கும் அளவு வேலை செய்யாது. ஊர்ல எந்தக் கதவும் எண் படிக்காது. சமாளிப்போம். ஒரு வாரத்துல கிடைச்சிடும்."

ஏழு பேரும் மனு எழுதினார்கள். எழுதினார்கள் என்பது மரியாதைக்கு. தர்ஷன் எழுதினான், மற்றவர்கள் ஒட்டினார்கள். நிரோஷாவுக்குக் காபி வந்தது, கோப்பையில் இல்லை, கண்ணாடி டம்ளரில். லோகு இரண்டு முறை கூப்பிட்டார். "இன்னும் அரமணி நேரம், நீ மேளக்காரர்கிட்ட சொல்லிடு," என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அரை மணி நேரம் மட்டும் அவள் தலைக்கு மேலே இருந்த எண்ணை எல்லாரும் மறந்துபோனார்கள். கல்யாணத்துக்கு என்ன சேலை என்று யாழினி கேட்டாள். மாம்பழ நிறம்தான் என்றாள் நிரோஷா. பூட்ஸும் உண்டா? பூட்ஸ் இல்லாமலா?

மேஜைமேல் இருந்த ஒலிபெருக்கியில் தணிக்கைப் பொறி பேச ஆரம்பித்தது. பழைய தூர்தர்ஷனில் வயலும் வாழ்வும் நிகழ்ச்சி வாசிப்பவர் போல அதற்கு ஒரு பொறுமையான ஆண் குரல்.

"வணக்கம். ஏழு விளக்கங்கள் பெறப்பட்டன. ஏழும் ஒன்று போலவே உள்ளன, எழுத்துப் பிழைகள் உட்பட."

தர்ஷன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அது ஆட்சேபத்துக்குரியதல்ல. ஆனால் ஒரு செய்தி. இந்த ஏழு சிரிப்பாளர்களும் இதுவரை நாலாயிரத்து இருநூறு சோதனைப் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் இல்லாத ஆட்களைப் பார்த்து அவர்கள் சிரித்த அதிகபட்ச அளவு, பதினொன்று. இந்த ஒரு படத்துக்கு அவர்களுடைய கருவிகள் முழு எல்லையைத் தொட்டிருக்கின்றன. ஆள் இல்லை என்று நம்பியவர்கள் இப்படிச் சிரித்ததாகப் பதிவு இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது."

"என்ன லாஜிக் இது?" என்று பத்ரி கத்தினார். "படம் வேடிக்கையா இருந்துச்சு, சிரிச்சாங்க! ஆள் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன? யாழினி, ஒரு சோதனைப் படம் போடும்மா. நல்ல பயங்கரமான ஒண்ணு."

யாழினி நிரோஷாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டாள். பஞ்சகச்சம் கட்டிய ஒரு தடிமனான மனிதர். காலில் சக்கர ஷூ. தலையில் கவிழ்த்த பித்தளைக் குத்துப்போணி, அதன் மேல் ஒரு சேவல். இரண்டு கையிலும் ஆறு கைக்கடிகாரம். மீசையில் மணி கட்டியிருந்தது.

அறை அமைதியாக இருந்தது. ஏசி மட்டும் ஓடியது.

"ம்," என்றாள் யாழினி.

பத்ரி சிரித்துப் பார்த்தார். இருமல் போல வந்தது. மேஜைமேல் இருந்த சிரிப்பு அளக்கும் கருவி இரண்டு என்று காட்டியது.

"இதுல சிரிக்க இன்னா கீது?" என்றாள் நிரோஷா. "யாரும் இல்லியே அங்க. சேவல் கூடப் பாவம் இல்ல."

பத்ரிக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது போலிருந்தது. நூறைத் தொடுகிற சோதனைப் படத்துக்காக மூன்று மாதம் தேடியதும், ஒன்றும் தேறாமல் தவித்ததும், கடைசியில் நிரோஷாவின் படம் வந்ததும் அலுவலகத்தில் லட்டு கொடுத்ததும் அவர்தான். நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார்.

பொறி தொடர்ந்தது. "இனி இரண்டு வழிகள். ஒன்று, முழு விசாரணை. காலம், ஆறு மாதம். அதுவரை நூறு மாறாது. மற்றொன்று, 'ஆள் இல்லை' என்று முதலில் குறித்தவர், ஆள் உண்டு எனத் தெரிந்தே குறித்ததாக நேரில் ஒப்புக்கொள்வது. அவ்வாறு ஒப்புக்கொண்டால் படம் அந்த நொடியே நீக்கப்படும். அவருடைய உரிமமும் அந்த நொடியே நீக்கப்படும். இனி எந்த நிறுவனத்திலும் அவர் சிரிக்க இயலாது. முதலில் குறித்தவர், மேஜை பதினேழு, இருக்கை மூன்று. அவர் பேச விரும்பினால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி."

மேஜை பதினேழு, இருக்கை மூன்று, தன் கோடு போட்ட சட்டையின் கைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதெல்லாம் யாரும் ஒப்புக்க வேண்டியதில்லை," என்றார் பத்ரி அவசரமாக. "இது அப்பட்டமான பிழை. நாம விசாரணையிலேயே நிரூபிக்கலாம். தர்ஷன், நீ வாயத் தொறக்காத. உன் ஒருத்தன் வேலை மட்டும் இல்ல இது. ஒரு நூறு போனா இன்னொண்ணு சட்டப்படி எங்கேர்ந்து வரும்? இப்பதான் பாத்தியே அந்தச் சேவல!" பிறகு நிரோஷாவின் பக்கம் திரும்பிக் குரலை மாற்றினார். "மேடம், நான் மண்டபத்துக்கு ஒரு கடிதம் தர்றேன். கம்பெனி லெட்டர்ஹெட்டுல. 'இவரை அனுமதிக்கவும்'னு."

"கேட்டுக்குப் படிக்கத் தெரியுமா சார்?"

பத்ரி அடுத்த வழிக்குத் தாவினார்.

"அப்ப ஆறு மாசம் தள்ளிப் போடலாம் மேடம். கல்யாணம்தானே, எங்க போயிடப் போகுது?"

"ஆறு மாசமா?" நிரோஷா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சார், லோகு நல்ல ஆளுதான். ஆனா அவங்க அக்கா இப்பவே, 'ஊரே சிரிக்கிற பொம்பளையா ஒனக்கு வேணும்'னு கேட்டுகினு கீது. நேத்து கேட்டுல அந்தச் சங்கு ஊதுனப்ப அவரு மூஞ்சியப் பாத்தேன். ஒரு செகண்டு, ஒரே செகண்டு, அவரு என்னை வுட்டு ஒரு அடி தள்ளி நின்னாரு. அப்புறம் கிட்ட வந்துட்டாரு. ஆறு மாசத்துல அந்த ஒரு அடி எவ்ளோ ஆவும்னு எனுக்குத் தெரியாதா? பதினோரு பேரு எப்பிடி ஒரே ஆளானாங்கன்னு பாத்தவ நான்."

பத்திரிகையை மேஜையிலிருந்து எடுத்தாள். பிறகு, கொடுத்ததைத் திரும்ப எடுப்பது முறையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி வைத்துவிட்டாள்.

"வர்றேன்மா," என்று யாழினியிடம் சொன்னாள். "இந்தச் சேலையப் போய் மாத்திடறேன். பாவம் டீச்சருங்க."

கதவு வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பித் தர்ஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. நின்றுபோன மெஷினைத் திறந்து பார்ப்பவரின் அக்கறை மட்டும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. வேல போவும்னு பயந்துகினு சொல்லாத, எனுக்காவப் பாவப்பட்டும் சொல்லாத. அந்தப் படத்தப் பாத்தப்போ, அதுல ஆளு இல்லன்னு நெசமாவே நெனச்சியா?"

"தர்ஷன்," என்றார் பத்ரி.

தர்ஷன் சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்த்தான். அன்றைக்கு அந்த நான்கு வினாடியில் அவன் என்ன பார்த்தானோ அதையே இப்போதும் பார்த்தான். ஹெல்மெட்டின் விளிம்பில் வழிந்திருந்த வியர்வை. சிக்னல் எப்போது விழும் என்று விளக்கைப் பார்த்த முகம். புல்லட்டின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு விரல். படத்தில் அது மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அவன் மேஜைமேல் இருந்த தணிக்கைப் பொறியின் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, குரல் தெளிவாகக் கேட்கும்படி குனிந்தான்.

"இல்லைக்கா. பாத்ததுமே ஆள்தான்னு தெரிஞ்சுது. ஆள் உண்டுன்னு அழுத்தியிருந்தா அந்த வரிய வெட்டியிருப்பாங்க, அதான் மாத்தி அழுத்தினேன்."